மிதவையடிக்கு வந்தவர்கள்

என் அக்காவின் கணவர் சாவி வெட்டுகிறவர். வங்கிக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. உள்ளே ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியேதான் நிற்க வேண்டும். மூன்று பக்கச் சுவரிலும் ஆணியடித்து, வெட்டாத சாவிகளை ரகம் பிரித்துத் தொங்கவிட்டிருப்பார். இயந்திரத்துக்கு அடியில் பித்தளைத் தூள் மஞ்சளாகப் படிந்திருக்கும். அதே தூள் அவருடைய முழங்கை மடிப்பிலும் இருக்கும். ஊருக்கு அவர் சாவிக்காரர், எனக்கு அத்தான்.

பேச்சில் மகா சிக்கனம். இரண்டு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதுவும் அடுத்த நாள் வந்தாலும் வரும். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துட்டு உங்க வாயை மட்டும் பூட்டி வச்சிருக்கீங்களே அத்தான்" என்று நான் கேலி செய்வதுண்டு. நான் அவருக்கு நேர்மாறு. தபால் அலுவலகக் கவுண்ட்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நான் வாயை மூடினால் வரிசை நகராது என்று நினைக்கிறவள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கைக்கு எந்தப் பூட்டு வந்தாலும், பார்ப்பதற்கு முன்னால் மேசைப் பலகையில் அதை மூன்று முறை தட்டுவார். உள்ளே இருக்கும் தூசி இறங்க வேண்டுமாம். முப்பது வருடம் தட்டித் தட்டி அது கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூக்குக்கண்ணாடிப் பெட்டி, சீப்பு, அக்காவின் மருந்துச் சீசா, எதை எடுத்தாலும் மூன்று தட்டு. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பழக்கம்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அக்கா. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். இடது கையும் இடது காலும் போயின. பேச்சும் குழறியது. கை நான்கு மாதத்தில் திரும்பியது. பேச்சு, என்னைத் திட்டுகிற அளவுக்கு நன்றாகவே திரும்பியது. கால் மட்டும் வரவில்லை. நிற்கும், ஆனால் தாங்காது. ஒரு வருடம் போல இப்படிப் போனபின், ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு யோசனை சொன்னார்: "உங்க தெரு முனையிலதான் கடல் இருக்கே. நெஞ்சளவு தண்ணியில தினமும் அரை மணி நேரம் நடக்க வைங்க."

எங்கள் தெரு முடிகிற இடத்தில் கடலுக்கு இறங்கப் பதினொரு கல் படிகள் உண்டு, பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. அங்கே கடல் ஒரு சிறு குடாவாக உள்வாங்கியிருக்கும். அதை வளைத்துத் தடுப்புக் கற்கள் போட்டிருப்பதால் அலை கிடையாது. முதல் நாள் அக்காவை நான்தான் இறக்கிவிட்டேன். தண்ணீர் நெஞ்சைத் தொட்டதும் என் கையை விட்டாள். நான்கு எட்டு நேராக நடந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை.

"தண்ணிக்குள்ள நான் நொண்டி இல்லடி" என்றாள்.

அன்றிலிருந்து ஆறு வருடம் தினமும் காலை ஆறரைக்கு அவளை இறக்கிவிட்டு, மூன்றாவது படியில் துண்டோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. நான் அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருப்பவள், தனியாள். எனக்கு அந்த நேரத்தில் வேறு பிடுங்கலும் இல்லை.

அத்தான் அந்த நேரத்தில் கடலில் இருப்பார். அவரிடம் பச்சை நிறத்தில் ஒற்றையாள் துடுப்புப் படகு ஒன்று இருந்தது. விடியும்போது கிளம்பி, தடுப்புக் கற்களைத் தாண்டிப் போய்த் தூண்டில் போடுவார். நான்கைந்து மீன் கிடைக்கும். செவுளில் கயிறு கோத்துப் படகின் ஓரமாகத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்புவார். நேராகக் கரைக்கு வரமாட்டார். குடாவுக்குள் ஒரு மஞ்சள் மிதவை நங்கூரம் போட்டு நிற்கும், படியிலிருந்து இருநூறு அடி இருக்கும். அதில் படகைக் கட்டிவிட்டு, குறுக்கே பொருத்திய பலகையில் மீனை வைத்துச் செதில் சுரண்டி, குடலெடுத்து, கழுவி, பிறகுதான் வருவார். கழிவெல்லாம் கடலுக்குள். பாதியைப் பறவைகள் கொத்தும், மீதி அடியில் இறங்கும்.

இதற்கு ஒரு காரணம் ஊருக்கே தெரியும். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பச்சை மீன் வாடை பட்டாலே வாந்தி எடுப்பாள். அதனால்தான் மனிதர் கடலிலேயே வேலையை முடித்துக்கொண்டு வருகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். "பொண்டாட்டியைத் தாங்குறதுன்னா அது சாவிக்காரர்தான்" என்று மற்ற பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திக்காட்டுவார்கள். கவுண்ட்டருக்கு வருகிறவர்களிடமெல்லாம் நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அது மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலை. அக்கா நெஞ்சளவில் நடந்துகொண்டிருந்தாள். மிதவையடியில் படகு ஒரு பக்கமாகத் தூக்கியதைப் பார்த்தேன். அத்தான் எழுந்து நிற்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நொடி துடுப்பு செங்குத்தாக ஆகாயத்தைப் பார்த்தது, படகு கவிழ்ந்தது, அவருடைய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை தண்ணீரில் தெரிந்தது. அதைச் சுற்றி வேறு ஏதோ ஒன்றும் தெரிந்தது. முக்கோணமாக, கரும்பழுப்பாக, அவசரமே இல்லாமல் போனது.

முதலில் புரிந்துகொண்டது அக்காதான். குரலை உயர்த்தாமல், "சுறாடி. என்னைத் தூக்கு" என்றாள்.

எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. படிகளில் அவளை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், அத்தான் மிதவையின் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருடம் கடலில் போய் வந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது என்பதை நம்ப யாரும் தயாராக இல்லை, ஆனால் அதுதான் உண்மை. படகை எப்படியோ நிமிர்த்தி, வயிற்றைப் போட்டு ஏறி, உடைந்த துடுப்பால் வலித்துக் கரைக்கு வந்தார். என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம். துடுப்பின் ஒரு பக்க அலகு பிறைபோலக் கடிபட்டிருந்தது. மீன் கோத்த கயிறு காணவில்லை.

தண்ணீருக்கு மேலே இருந்த படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "நீ எதுவரைக்கும் போயிருந்த?"

"தினமும் போறது மாதிரிதான். நெஞ்சு வரைக்கும்."

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் பேசவில்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பேசாததற்கும் சேர்த்து நான் பேசினேன். கவுண்ட்டரில் அந்தக் கதைக்கு என் கையாலேயே கை கால் முளைத்தது. திங்கட்கிழமை சுறா படகின் நீளம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு படகு நீளம் ஆகிவிட்டது. அத்தான் துடுப்பால் அதன் மூக்கில் ஓங்கி ஒன்று வைத்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். ஊர் அவரைச் 'சுறாக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. தேவையே இல்லாத சாவிகளை வெட்டிக்கொள்ளக் கூட்டம் வந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று அவர் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

படித்துறையை மூடிவிட்டார்கள். கைப்பிடியின் குறுக்கே கயிறு, அதில் சிவப்புப் பலகை. ஊரில் நீச்சல் குளம் கிடையாது. அக்கா முதல் வாரம் வீட்டு நடைக்கூடத்திலேயே சுவரைப் பிடித்து நடந்தாள். இரண்டாவது வாரம் கணுக்கால் உள்பக்கமாகத் திரும்பியது. மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் விழுந்தாள். பயிற்சி அம்மா வீட்டுக்கு வந்து காலை மடக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தண்ணி இல்லாம இதைக் காப்பாத்துறது கஷ்டம்மா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா இறுகிடும். அப்புறம் நாற்காலிதான்."

அத்தான் அப்போது அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். கையிலிருந்த மருந்துச் சீசாவைத் தட்டப் போனவர், தட்டாமல் அப்படியே வைத்தார்.

அந்த வாரமே துறைமுக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை கூட்டம். வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து, குடாவின் வாயில் முழுவதும் இரை குத்திய பெரிய தூண்டில்களைப் போட்டு, வருகிற சுறாவையெல்லாம் பிடித்துவிடுவது என்று யோசனை. அது முடிகிறவரை, ஐந்து மாதம், படித்துறை திறக்காது. ஐந்து மாதம் என்பதை நான் சரியாகப் படிக்கவில்லை. சுறாவை ஒழித்தால் அக்காவுக்குக் கடல் கிடைக்கும் என்ற வேகத்தில், கவுண்ட்டரில் காகிதத்தை வைத்து ஆதரவுக் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது.

வியாழக்கிழமை அத்தான் என்னிடம் வந்தார். "நாளைக்குக் காலையில தடுப்புக் கல்லு வரைக்கும் வர்றியா? ஒண்ணு பாக்கணும். நான் மட்டும் பாத்தா போதாது."

போனேன். தடுப்புக் கற்கள் வளைகிற இடத்திலிருந்து மிதவை கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். அத்தான் புதுத் துடுப்போடு வந்து படகைக் கட்டினார். தூண்டில் இல்லை, மீன் இல்லை, இரை இல்லை. படகில் பலகையும் கத்தியும் மட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அடிமணல் வரை தெளிவாக இருந்தது. ஒரு சின்ன மீன்கூட இல்லை. பிறகு, மீன் வெட்ட உட்காரும்போதெல்லாம் செய்வது போல, கத்தியின் முதுகால் பலகையில் மூன்று முறை தட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. குடாவின் வாயிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பேர் என்று சொல்வது அத்தானின் பழக்கம், எனக்கும் தொற்றிவிட்டது. ஒவ்வொன்றும் நான்கடி இருக்கும், முதுகு இறக்கையின் நுனியில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பு. படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பலகைக்கு நேர் கீழே வந்து, சாப்பாட்டு மணி கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தன. கொஞ்சம் கழித்து நான்காவது வந்தது. அது ஆழத்திலேயே வந்தது. படகின் நீளம் இல்லை என்றாலும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. மற்ற மூன்றும் விலகி வழிவிட்டன. அத்தான் அவற்றைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஆறு வருடம் நடந்த இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா அந்த மூணு பேர் வர்றாங்க. வந்தப்ப முழங்கை அளவுதான் இருந்தாங்க. வருவாங்க, இருப்பாங்க, போயிடுவாங்க. எனக்கும் பிடிச்சிருந்துது. யாருக்கு என்ன கெடுதல்னு இருந்துட்டேன். பெரியவனை அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன்."

"சரி, விடுங்க. இனிமே வெட்டாதீங்க, தட்டாதீங்க. யார்கிட்டயும் சொல்லவும் வேணாம்."

"சொல்லாம இருந்தா நாளைக்கே தூண்டில் போட முடிவு பண்ணிடுவாங்க. இப்ப வர்றது நாலு. குடா வாயில் முழுக்க இரை தொங்கவிட்டா நாப்பது வரும். அஞ்சு மாசம் படி திறக்காது. உங்க அக்கா காலுக்கு அஞ்சு மாசம் இல்லை."

"சொன்னா ஊரே காறித் துப்பும் அத்தான். உங்களை மட்டுமா? நான் அந்தக் கவுண்ட்டர்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்கார்றது?"

"நீ சொன்ன கதையை நான் சொல்லச் சொல்லலையே" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயை மூடிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

அன்று மாலை அக்கா சாப்பாட்டு மேசையில் அத்தானின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விரலுக்குப் பயிற்சி. அத்தான் எதிரே உட்கார்ந்து, தட்டியதையும் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"வீட்டுலயே வெட்டியிருக்கலாமே."

"உனக்கு வாடை ஆகாதுன்னுதானேக்கா..." என்று நான் முந்திக்கொண்டேன்.

"அது முதல் மூணு மாசம். அப்புறம் நானே மீன் கழுவினேன். அவருக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் அத்தான். "மீன் வெட்டப் பத்து நிமிஷம் போதும். நான் முக்கால் மணி நேரம் அங்க உக்காந்திருப்பேன். கரைக்கு வந்தா உன்னைக் கைப்பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், கால் அமுக்கணும், மருந்து எடுத்து வைக்கணும். செய்ய மாட்டேன்னு இல்லை. ஒரு நாளும் செய்யாம இருந்ததும் இல்லை. ஆனா கொஞ்சம் தள்ளிப் போகட்டும்னு தோணும். அதுக்கு ஒரு வேலை வேண்டியிருந்துது. அதான் அங்கயே வெட்டினேன்."

இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவின் ஊசி நின்றது.

"தண்ணியில நின்னா மிதவை நல்லாத் தெரியும்" என்றாள். "பலகையைக் கழுவி வச்சுட்டு நீங்க சும்மா உக்காந்திருக்கிறதை ஆறு வருஷமாப் பாத்துட்டுதான் நடக்கிறேன்."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா மறுநாள்லேருந்து சீக்கிரம் வந்துடுவீங்க. கேட்டதுக்காக வர்ற ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்குக் கூட்டத்துல இதையும் சொல்லப் போறீங்களா?"

"இல்லை. கூட்டத்துக்குச் சுறா விஷயம். இது உனக்கு."

நான் அங்கே உட்கார்ந்திருந்ததே இருவருக்கும் மறந்துவிட்டது. எழுந்து மாடிக்குப் போனேன். அவர்மேல் கோபம் வந்தது, அக்காமேல் அதைவிட வந்தது. தெருவே கொண்டாடிய மனிதரைப் பற்றி எல்லாம் தெரிந்தும் ஆறு வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றிருந்தது. இதையெல்லாம் இப்போது எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. உன் வாய் எப்ப சும்மா இருந்திருக்கு" என்றாள்.

சனிக்கிழமை துறைமுக அலுவலகக் கூடத்தில் அறுபது எழுபது பேர். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். துறை அதிகாரி ஓர் இளம்பெண், வரைபடத்தை விரித்து, தூண்டில் போடும் இடங்களைக் காட்டி முடித்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். அத்தான் எழுந்தார். உடனே கைதட்டல். சுறாவை அடித்த மனிதர் அல்லவா? தட்டல் ஓயும்வரை அவர் காத்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, குனிந்துகொண்டேன்.

பத்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார். எங்கே வெட்டினார், எத்தனை வருடம், எப்படித் தட்டினார், நேற்று தட்டியபோது எத்தனை வந்தன. படகு மெக்கானிக் ஒருவர்தான் முதலில் சிரித்தார். "சாவிக்காரர் சுறாவுக்கும் சாவி போட்டுட்டார்யா" என்றார். நான்கைந்து பேர் கூடச் சிரித்தார்கள். எங்கள் படித்துறை நீச்சல் குழுவின் செயலாளர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"என் பொண்ணோட பிள்ளைங்க அந்தப் படியிலதான் குளிக்கிறாங்க. ரெண்டு வருஷமாத் தெரிஞ்சும் சொல்லலை. உங்களை நம்பி என் கடைச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் குடுத்திருக்கேன்."

அத்தான் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அதிகாரி கேட்டார்: "போடுறதை நிறுத்தினா அதுங்க போயிடுமா?"

"தெரியாதும்மா. மூணு வாரம் குடுங்க. குடாவுக்குள்ள யாரும் கழிவு போடக்கூடாது. தினமும் நான் போய் இருந்து பாத்து எழுதிக் குடுக்குறேன். அதுக்கு மேலயும் வந்தாங்கன்னா உங்க முடிவு."

கூடத்தில் சலசலப்பு. அப்போதுதான் நானும் எழுந்தேன். சுறா இரண்டு படகு நீளம் இல்லை என்றும், அதன் மூக்கை யாரும் தொடவில்லை என்றும், அந்த முதல் கையெழுத்தை நான் வாபஸ் வாங்குகிறேன் என்றும் சொன்னேன். இந்தத் தடவை கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் மூன்று வாரம் கிடைத்தது என்று அக்காவிடம் சொல்லிக்கொள்வேன். உண்மையில், வெளியூர் ஆட்கள் வந்து சேரவே மூன்று வாரம் ஆகும் என்பதை அதிகாரி கணக்குப் போட்டிருந்தார்.

அந்த வாரங்கள் நன்றாக இல்லை. சாவி வெட்ட ஆள் வரவில்லை. ஒரு காலை கடைக் கதவில் சுண்ணக்கட்டியால் 'சுறாவுக்குச் சாப்பாடு இங்கே கிடைக்கும்' என்று எழுதியிருந்தது. அத்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கடையைத் திறந்தார். கவுண்ட்டரில் நான் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக முத்திரை குத்துகிற வேலையை மட்டும் செய்தேன். வீட்டில் அக்காவின் காலை இரண்டு வேளை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மடக்கி நீட்டினோம். ஒவ்வொரு நாளும் மடங்குகிற அளவு கொஞ்சம் குறைந்தது. அவள் சத்தம் போடவில்லை, தலையணை ஓரத்தைக் கடித்துக்கொள்வாள்.

அத்தான் தினமும் விடிந்ததும் வெறும் படகோடு போய் மிதவையடியில் இருந்துவிட்டு வந்து ஒரு நோட்டில் எழுதினார். முதல் வாரம் முழுவதும் மூன்று பேரும் நேரம் தவறாமல் வந்தார்கள், தட்டாமலே. பெரியது இரண்டு நாள் வந்தது, பிறகு இல்லை. இரண்டாவது வாரம் இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு. மூன்றாவது வாரம் ஒன்றே ஒன்று வந்து, நிற்காமல் திரும்பிப் போனது. கடைசி நான்கு நாள் எதுவும் இல்லை. முடிவு நாளன்று அதிகாரியே தடுப்புக் கல்லில் வந்து நின்று தட்டச் சொன்னார். அத்தான் மூன்று முறை தட்டினார். கால் மணி நேரம் பார்த்தோம்.

"யாரும் வரலை" என்றார். நிம்மதியாகத்தான் சொன்னார். இருந்தாலும் வாசலில் யாரையோ வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தவரின் முகம் அது.

திங்கட்கிழமை காலை கயிற்றை அவிழ்த்தார்கள். படியில் இருபது பேர் துண்டும் தோளுமாக நின்றார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்தார், எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நீச்சல் குழுச் செயலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "முதல்ல சாவிக்காரர் இறங்கட்டும்."

கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். படகு கவிழ்ந்த நாளிலிருந்து அத்தான் படகிலிருந்து இறங்கும்போதுகூடக் காலை நனைத்துக்கொள்ளாமல் நேராகப் படியில்தான் வைப்பார். தண்ணீர் கணுக்காலில் பட்டால் உடம்பு தூக்கிப்போடும். அன்றும் மிதவைச் சட்டையோடுதான் வந்திருந்தார்.

அக்கா ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தாள். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி அத்தானிடம் கையை நீட்டினாள்.

இருவரும் இறங்கினார்கள். முதல் ஆறு படி அவர்தான் அவளைத் தாங்கினார், அவளுடைய பாரம் முழுவதும் அவர் தோளில் இருந்தது. ஏழாவது படியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பின்னால் யாரோ இருமினார்கள்.

"பயமா இருக்கா?" என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

"இருக்கு."

"எனக்கும்தான். என்னைப் பிடிச்சுக்குங்க. அடியில மணல்தான்."

இன்னும் நான்கு படி. பிறகு மணல். ஆறு வாரம் வீட்டில் கிடந்த கால் முதல் இரண்டு எட்டு இழுத்தது. மூன்றாவது எட்டு நேராக விழுந்தது. தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது அவள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள், அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். அவள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். பத்து எட்டு. இருபது. படியில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள்.

நான் மூன்றாவது படியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் பொறாமையும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் அந்தத் தண்ணீரில் அவளை இறக்கியவள் நான். அன்றைக்கு என் அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.